மச்சான் வந்துரட்டுமுங்க

எங்கள் வீட்டில் பேச்சு என் இலாகா. என் வீட்டுக்காரர் வெங்கடபதிக்கு வாய் இருப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அன்னூர்ப் பக்கத்தில் எங்கள் தறிக்குடோன் ஓடுகிறது. நூல்காரரிடம் சண்டை போடுவது நான். தறி ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொண்டு போனால் சமாதானம் பேசிக் கூட்டி வருவது நான். கரண்ட் போனால் ஆபீசுக்குப் போன் போட்டு அவர்களை எழுப்புவதும் நான். அவர் தறிக்கு எண்ணெய் விடுவார், அறுந்ததை முடிவார், யாராவது ஏதாவது கேட்டால் சிரிப்பார்.

ஆனால் இதெல்லாம் குடோன் வாசல் வரைக்கும்தான். சொந்தபந்தத்தில் ஒரு பெரிய காரியம் என்று வந்துவிட்டால் என் வாய்க்கு லீவு விட்டுவிடுவார்கள். பெண் பார்க்கிறதா, சீர் வைக்கிறதா, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனா, எல்லாம் ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். எனக்கே உடம்புக்கு வந்தபோதும் அப்படித்தான் நடக்கப் பார்த்தது.

அன்றைக்குக் காலையில் சோமனூர் நூல்காரருடன் போனில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர் அனுப்பியிருந்த பாவு நூல் தொட்டாலே அறுந்தது. "இந்த நூல்ல ஒரு ஆட்டுக்குட்டியக் கட்ட முடியுமுங்களா" என்று கேட்க வந்தேன். ஆட்டுக்குட்டி என்கிற இடத்தில் வேறு என்னவோ வந்தது. திருப்பிச் சொன்னேன். அது அதைவிட மோசமாக இருந்தது. அவர் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அந்தச் சண்டையை விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் போன் கையிலிருந்து நழுவியது. எடுக்கலாம் என்று பார்த்தால் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. கால் துவண்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி என்று ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் காப்பிக்கு வந்தார். நான் பேசாமல் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எங்கள் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கோபம். மனுஷன் பூனை மாதிரி நடந்து போய்த் தானே காப்பி கலக்கினார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே குடோனுக்கு ஓடிப் போனார். ஏனுங்க, ஏனுங்க என்று உள்ளுக்குள் கத்தினேன். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

அவர் திரும்பி வந்தபோது காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. எவ்வளவு கோபம் வந்தாலும் நான் காப்பியை விட மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அப்படியே என்னை அள்ளித் தூக்கினார். காரில் போட்டு அன்னூர் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார்.

எங்கள் பெரிய மாமனாருக்கு இதே மாதிரி ஆனபோது கோயமுத்தூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார், நேரம் கடந்துவிட்டது என்று. உயிர் தங்கியது. ஆனால் சாகிற வரைக்கும் அவருக்கு மிஞ்சியது ஒரு "ம்" மட்டும்தான். பசித்தாலும் "ம்", வலித்தாலும் "ம்", மகன்மேல் கோபம் வந்தாலும் "ம்". ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது எனக்கு அந்த "ம்" தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. செத்துப் போவதைவிட அதற்குத்தான் பயந்தேன்.

அங்கே இருந்த டாக்டர் பெயர் சைத்ரா. சின்ன வயசு. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், பெயர் கேட்டாள். இடது கை எழுந்தது, சிரிப்பு பாதி வந்தது, பெயர் வரவே இல்லை. கடைசியாக எப்போது நன்றாகப் பேசினேன் என்று அவரைக் கேட்டாள். நான் கோபமாக இருப்பதாக நினைத்துவிட்டதாக அவர் முனகினார். அவர் சட்டைப்பையில் எடுத்துப் போட்டு வந்திருந்த என் போனை அவள் வாங்கிப் பார்த்தாள். நூல்காரருடன் சண்டை போட்ட நேரம் அதில் இருந்தது. அந்தச் சண்டைக்கு இப்படி ஒரு பிரயோஜனம் இருக்கும் என்று யார் கண்டது.

ஸ்கேன் எடுத்துக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் ஒரு டிவியை உருட்டிக்கொண்டு வந்து கால்மாட்டில் நிறுத்தினார்கள். அதில் கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் மூளை டாக்டர் தெரிந்தார். என் மண்டைக்குள் எடுத்த படத்தை அவர் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தக் கசிவு இல்லை, அடைப்புத்தான், ஊசி போட்டுவிடலாம், போட்டுவிட்டு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள் என்று சைத்ராவிடம் சொன்னார். முன்னெல்லாம் அந்த ஊசிக்குக் கோயமுத்தூர் போயாக வேண்டும். இப்போது அது எனக்குப் பத்தடி தள்ளி ஒரு சின்ன ப்ரிட்ஜில் இருந்தது.

சைத்ரா என் வீட்டுக்காரரிடம் விவரமாகச் சொன்னாள். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, இந்த ஊசி அதைக் கரைக்கும், இப்போதே போட்டால் பேச்சும் கையும் திரும்பி வர நல்ல வாய்ப்பு, நேரம் ஆக ஆக அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறைக்காமல் மிச்சத்தையும் சொன்னாள். நூறு பேருக்குப் போட்டால் நாலைந்து பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அவர் முகம் வெளுத்தது. கையைக் கட்டிக்கொண்டார்.

"மச்சான் வந்துரட்டுமுங்க" என்றார்.

மச்சான் என்றால் என் அண்ணன் பொங்கியண்ணன். உடுமலைப்பேட்டையில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். அவருக்கு இவர் நேராகச் சொல்லவில்லை. கோயமுத்தூரில் படிக்கிற எங்கள் மகள் வர்ஷினியைப் போனில் கூப்பிட்டு மாமனுக்குச் சொல்லச் சொல்லியிருந்தார். அண்ணன் காரில் கிளம்பிவிட்டார். ஆனால் உடுமலையிலிருந்து அன்னூர் என்ன பக்கத்துத் தெருவா? சைத்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் வருகிற வரைக்கும் தாங்காது, போன் போட்டுக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றாள்.

"போன்ல வேண்டாமுங்க டாக்டர். நேர்ல வந்துரட்டுமுங்க."

வீடியோவில் முகத்தைப் பார்த்தே பேசலாமே என்றாள். அதற்கும் தலையாட்டினார். இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். கிறுக்கு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்குத் தெரியும், சொல்ல எனக்குத்தான் வாய் இல்லை.

வர்ஷினி பெரியவளானபோது திரட்டிச் சீர் வைத்தோம். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிக் காரியத்துக்குத் தாய்மாமனை முதலில், நேரில் போய், தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். இவர் மறுநாள் போகலாம் என்று இருந்தார். அதற்குள் யாரோ கேட்டார்கள் என்று பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். அந்தக் குரூப்பில் அண்ணனும் இருக்கிறார் என்பது இவருக்கு ஞாபகம் இல்லை. ஊரோடு ஒருத்தராகப் போனில் சேதி தெரிந்துகொண்டார் தாய்மாமன். சீருக்கு வந்தார். ஒரு குறை இல்லாமல் மாமன் முறை அத்தனையும் செய்தார். பந்தியில் கை நனைக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். சண்டை இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சண்டையை நான் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஒரு போட்டோ இவரை ஆட்டிவைத்துவிட்டது. சின்னச் சங்கதியையே போனில் சொல்லி இந்தக் கதி. இப்போது தங்கச்சி உயிர் சம்பந்தப்பட்ட ஊசியைப் போனில் கேட்டுப் போட்டு, அந்த நாலைந்து பேரில் நான் ஒருத்தியாகிவிட்டால்? கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வந்துதான் பிணத்தை எடுக்க வேண்டும். அந்தக் கோடித் துணியைக் கொண்டுவருகிற மனுஷன் முகத்துக்கு நேராக நின்று இவர் பதில் சொல்ல வேண்டும். வாயில்லாத மனுஷன். எப்போதும் இவருக்காகப் பேசுகிறவள் அன்றைக்குப் பாடையில் கிடப்பாள். அவர் பயந்ததில் தப்பே இல்லை. படுத்துக்கொண்டு அதையெல்லாம் நினைத்தபோது அவர்மேல் பாவமாக இருந்தது. எழுந்து இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

சைத்ராவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. டிவியில் இருந்தவரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, வந்துரட்டுமுங்க, கிளம்பீட்டாருங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவளும் ங்க போட்டாள், இவரும் ங்க போட்டார். ஒருத்தருக்கொருத்தர் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் பேச்சு செத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த அறையில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிறார்கள். டாக்டரை டாக்டர் கேட்கிறார். புருஷனைக் கேட்கிறார்கள். காரில் வந்துகொண்டிருக்கிற அண்ணனைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். மண்டை என்னுடையது. என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கித் தட்டினேன். நர்ஸ் ஓடி வந்து, அசையாதீங்கம்மா என்று கையை அமுக்கிப் பிடித்தாள். உதறிவிட்டு மறுபடி தட்டினேன். வளையல் ஒன்று உடைந்தது. சைத்ரா திரும்பினாள். நான் அவளையே முறைத்தேன். என்னால் முடிந்தது முறைப்பது மட்டும்தான், அதை ஒழுங்காகச் செய்தேன்.

அவள் கிட்டே வந்தாள். கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன். இடது கையால் மூக்கைத் தொடச் சொன்னாள், தொட்டேன்.

"உங்க பேரு நஞ்சம்மாளுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கோமளாவா?"

ஆமாம்.

"நாங்க பேசறதெல்லாம் உங்களுக்குப் புரியுதுங்களா?"

இதைக் கேட்க இவ்வளவு நேரமா என்று அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிவியில் இருந்தவர், பேச்சுத்தான் அடைபட்டிருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, அந்த அம்மாவிடமே கேளுங்கள் என்றார்.

சைத்ரா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரிடம் சொன்ன எல்லாவற்றையும் முதலில் இருந்து எனக்குச் சொன்னாள். நல்லதைச் சொன்னாள், அந்த நாலைந்து பேரையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்களுக்குப் போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே தலையாட்ட வரவில்லை. அதை மறைக்க என்ன இருக்கிறது. கேட்கவில்லை என்று அவ்வளவு ஆத்திரப்பட்டவள், கேட்டவுடன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வர்ஷினி ஞாபகம் வந்தது. நான் தலையை ஆட்டி, அதனால் நான் செத்துப்போனால் அவளுக்கு யார்? ஆட்டாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்துவிடுவார், அவர் பார்த்துக்கொள்வார், பொறுப்பு என்மேல் இல்லை. பொறுப்பை இன்னொருத்தர் தலையில் வைப்பது எவ்வளவு சுகம் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. கட்டில் காலடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணும் அதையேதான் சொன்னது, பொறு கோமளா, மச்சான் வந்துரட்டும் என்று.

அப்புறம் அந்த "ம்" கேட்டது. ஆயுசுக்கும் "ம்". எல்லாவற்றுக்கும் "ம்". மகள் கல்யாணத்தில் "ம்".

தலையை ஆட்டினேன். சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் இரண்டு தடவை ஆட்டினேன்.

வலது கை வராததால் இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். நான் பி.காம். படித்தவள். அந்த நேரத்திலும் கைநாட்டு வைப்பது எனக்கு அவமானமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஊசி என்று பெரிதாக எதிர்பார்த்தேன். கட்டைவிரல் உயரத்தில் ஒரு சின்ன பாட்டில், அதில் கொஞ்சம் மருந்து. கையில் குத்தியிருந்த குழாய் வழியாக ஒரே தள்ளில் உள்ளே போய்விட்டது. இவ்வளவுதானா? இதற்குத்தானா உடுமலைப்பேட்டையிலிருந்து ஆள் வர வேண்டும் என்று இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்கு அது தெரியவில்லை, நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சரவணம்பட்டி நெரிசலில் வண்டி ஊளையிட்டுக்கொண்டு நின்றபோது, அந்தக் கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ ஊர்ந்தது. சுண்டுவிரல் லேசாக அவர் உள்ளங்கையில் அசைந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

வண்டி கோயமுத்தூர் வருகிறது என்று தெரிந்ததும் அண்ணனும் காரை நேராக அங்கேயே விட்டிருந்தார். அங்கே மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து அவசரப் பிரிவில் கிடத்திய பிறகு, வாசலில் காத்திருந்த வர்ஷினியை நிறுத்திவிட்டு அவரை முதலில் உள்ளே விட்டார்கள். வெள்ளை வேட்டி, கையில் கார்ச் சாவி. வருஷக் கணக்கில் பார்க்காத முகம். என்னைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். நேராக இவரிடம் திரும்பினார்.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். தெரியாதவர்கள் கேட்டால் நலம் விசாரிப்பதாக நினைப்பார்கள்.

"ஏனுங்க மாப்ளை, ரத்தம் கசியும்னு சொல்லித்தானுங்களே அந்த ஊசியப் போட்டிருக்கறாங்க? அதுக்குச் சரின்னு சொன்னது ஆருங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் எவ்வளவோ தடுத்தேனுங்க, உங்களுக்காகத்தான் காத்திருந்தேனுங்க, அவதான் கேக்கலீங்க என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். காலையிலிருந்து அந்த மனுஷன் பயந்ததெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான்.

"நாந்தானுங்க மச்சான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கண்ட மட்டில் அவர் சொன்ன முதல் பொய் அது. ரத்தக் கசிவு இனிமேலும் வரலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படி வந்தால் அந்தப் பழி என்மேல் விழக் கூடாது என்று, சாகப் போகிறவள் பேரில்கூட ஒரு சொல் வரக் கூடாது என்று, அதைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிய அதே ஆள்தான். அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா உங்களுக்கு?" என்றார் அண்ணன். இவர் கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதை மேலே தூக்கி, பல்லுக்குப் பின்னால் வைத்து, மூச்சைத் தள்ளினேன். காற்றுத்தான் வந்தது. மறுபடி தள்ளினேன்.

"நா… நானு."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன கண்ணு சொன்னே?"

"நானு" என்றேன். இந்தத் தடவை தெளிவாகவே வந்தது. நெஞ்சில் இடது கையை வைத்துக் காட்டினேன்.

அண்ணன் இவரைப் பார்த்தார். அதற்குமேல் பொய்யைப் பிடித்துக்கொண்டிருக்க இவருக்குத் தெம்பில்லை. "நான் உங்களுக்காகத்தானுங்க நிறுத்தி வச்சிருந்தேன் மச்சான். அவதான் தலையாட்டிப்போட்டா" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸ் அண்ணனுக்குச் சொன்னாள். எனக்காகவா நிறுத்தி வெச்சீங்க என்று மட்டும் அண்ணன் ஒரு தடவை தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போது காலையில் டிவியில் பார்த்த டாக்டர் வந்தார். கழுத்துக்குக் கீழேயும் ஆள் இருந்தார், நல்ல உயரம். ஸ்கேனில் கட்டி முக்கால்வாசி கரைந்துவிட்டது, ஒரு கிளையில் மட்டும் மிச்சம் இருக்கிறது என்றார். தொடை வழியாகக் கம்பி விட்டு அதையும் எடுத்துவிடலாம், இல்லையென்றால் அது தானாகக் கரைகிறதா என்று காத்துப் பார்க்கலாம், இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, விவரமாக யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டார்.

இவர் வழக்கம்போல அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து என் தலைமாட்டில் போட்டார்.

"என்னை எதுக்குங்க பாக்கறீங்க மாப்ளை. சார், நீங்க இப்பிடி உக்காந்து அவகிட்டச் சொல்லுங்க."

டாக்டர் உட்கார்ந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாக்கைத் தேடினேன், இந்தத் தடவை சீக்கிரம் அகப்பட்டது.

"சொல்லுங்க" என்றேன்.